டார்க்கிங் ஊரின் 19-ஆம் நூற்றாண்டுப் பிரமுகர்கள்: ஆவணங்களைக் கொண்டு பட்டியல் தயாரிக்க முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் சர்ரே கவுண்டியில், லண்டனுக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிறிய சந்தை ஊர் டார்க்கிங். முக்கொம்பில் மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன் தம் கடைசிக் காலத்தை அந்த ஊரில் கழித்து 1899-இல் அங்கேயே இறந்தார். அவரைத் தேடித்தான் நான் அந்த ஊரின் ஆவணங்களுக்குள் நுழைந்தேன். பிறகு அவருடைய அண்டை அயலாரையும் தேடத் தொடங்கினேன். இதே வேலையில் இறங்கிய நண்பர்கள் சிலருக்கு உதவியபோது, எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில் தடுமாறுவதைக் கண்டேன். ஊரில் வாழ்ந்தவர், ஊருக்கு வந்து போனவர், ஊரில் நினைவுச் சின்னம் மட்டும் பெற்றவர் ஆகிய மூவரையும் ஒரே வரிசையில் வைத்துவிடுவதே அவற்றுள் பெரிய தவறு. கீழே உள்ள படிகளின் வரிசை அந்தத் தவறுக்கு இடம் தராதபடி அமைக்கப்பட்டது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ஒரு வரைபடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மைலுக்கு 6 அங்குல அளவிலான தாள் போதும். பெரிய வீடுகளின் பெயர்களும் பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) எல்லைக் கோடுகளும் அதில் தெளிவாக இருப்பதால், பின்னால் வரும் ஒவ்வொரு படியிலும் அதைத் திறக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, குடும்ப வரலாற்று ஆவணங்களைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் ஒரு கணக்கு. இதற்குக் கட்டணம் இல்லை. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெயர்ப் பட்டியலை அங்கே பணம் செலுத்தாமலே தேடலாம். கட்டணத் தளங்களுக்கு இப்போதே சந்தா கட்ட வேண்டாம். தேட வேண்டிய கேள்விகள் சேர்வதற்கு முன் சந்தா கட்டியவர்கள் முதல் மாதத்தைச் சும்மா உலவியே கழித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, ஆளுக்கு ஒரு தாள். அதில் தேதி, இடம், எந்த ஆவணம், ஆவணத்தில் உள்ள சொற்கள், என் ஊகம் என்று ஐந்து பத்திகள் இருக்கட்டும். ஆவணத்தின் சொல்லையும் நம் ஊகத்தையும் ஒரே பத்தியில் எழுதினால், ஆறு மாதம் கழித்து எது எதுவென்று நமக்கே தெரியாது.

2. எல்லையையும் காலத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

‘டார்க்கிங்’ என்ற பெயர் சந்தை ஊரையும், அதைச் சுற்றியுள்ள பாரிஷையும், 1837-க்குப் பின் ஏற்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவு மாவட்டத்தையும் குறிக்கும். மூன்றும் வெவ்வேறு பரப்பளவு கொண்டவை. எதைக் கணக்கில் கொள்கிறீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பட்டியல் பக்கத்துக் கிராமங்களையெல்லாம் விழுங்கிக்கொண்டே போகும்.

நாவலாசிரியர் ஜார்ஜ் மெரடித்தை எடுத்துக்கொள்வோம். அவர் 1860-களின் இறுதி முதல் 1909 வரை வாழ்ந்த ஃபிளின்ட் காட்டேஜ் பாக்ஸ் ஹில் அடிவாரத்தில், மிக்கிள்ஹாம் பாரிஷில் உள்ளது. அவருடைய சாம்பல் புதைக்கப்பட்டதோ டார்க்கிங் கல்லறைத் தோட்டத்தில். ஊரை மட்டும் எல்லையாகக் கொண்டால் அவர் வெளியே. பதிவு மாவட்டத்தைக் கொண்டால் உள்ளே. இரண்டில் எதுவும் தவறன்று, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

காலத்திற்கும் இதே விதிதான். மக்கள்தொகைக் கோட்பாட்டாளர் தாமஸ் மால்தஸ் டார்க்கிங்குக்கு மேற்கே வெஸ்ட்காட்டில் இருந்த ரூக்கெரி என்ற வீட்டில் 1766-இல் பிறந்தார் என்பதற்காக அவரைப் பட்டியலின் தலையில் வைப்பவர்கள் பலர். ஆனால் அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அந்த வீட்டை விட்டுவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் அவர் வாழ்வின் பெரும்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹெய்லிபரி கல்லூரியில் கழிந்தது. பிறந்த ஊர் வேறு, வாழ்ந்த ஊர் வேறு.

நான் பின்பற்றும் விதி இது: 1801-க்கும் 1900-க்கும் இடையில், வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டு ஆவணங்களாவது ஒருவரை அந்த எல்லைக்குள் குடியிருப்பவராகக் காட்ட வேண்டும். ஒரே ஆவணம் விருந்தாளியையும் குடியிருப்பவரைப் போலக் காட்டிவிடக்கூடும்.

3. பெயர்களைத் திரட்டும்போது தீர்ப்புச் சொல்லாதீர்கள்

பெயர்களை மனிதர்களிடமிருந்து தொடங்காமல் வீடுகளிலிருந்து தொடங்குவது நல்லது. பெரிய வீட்டின் பெயர் நூறாண்டு மாறாமல் நிற்கும், அதில் குடியிருந்தவர்கள்தாம் மாறுவார்கள். வரைபடத்தில் டீப்டீனைப் பார்த்தால், அதை 1807-இல் வாங்கிய கலைப்பொருள் சேகரிப்பாளர் தாமஸ் ஹோப்பும், அவர் மகன் ஹென்றி தாமஸ் ஹோப்பும் கிடைப்பார்கள். ஊருக்கு வடக்கே குன்றின்மேல் உள்ள டென்பீஸைப் பார்த்தால், லண்டனின் பெரும் கட்டடக்காரர் தாமஸ் க்யூபிட்டும் அவர் மகன் ஜார்ஜும் வருவார்கள். தென்மேற்கே சில மைல் தள்ளி லீத் ஹில் பிளேஸ். அங்கே சார்லஸ் டார்வினின் அக்கா கரோலின், அவர் கணவர் மூன்றாம் ஜோசையா வெட்ஜ்வுட், பிற்பாடு அவர்களுடைய பேரன், இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ். ரால்ஃப் 1875-இல் தந்தையை இழந்த சிறு குழந்தையாக அந்த வீட்டுக்கு வந்தார்.

இந்தக் கட்டத்தில் விருந்தாளிகளும் வருவார்கள், வரட்டும். கீட்ஸ் 1817 நவம்பரில் பாக்ஸ் ஹில் அடிவார விடுதியில் தங்கித் தம் நெடுங்கவிதை ஒன்றை முடித்தார். டிஸ்ரேலி டீப்டீனில் விருந்தினராக இருந்தார். டார்வின் அக்கா வீட்டுக்கு வந்து தங்கிச் செல்வார். இவர்களுடைய தாள்களின் தலைப்பில் ‘விருந்தினர்’ என்று எழுதித் தனியே வையுங்கள்.

ஊருக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது புனித மார்ட்டின் தேவாலயத்தின் கோபுரம். அது பிஷப் சாமுவேல் வில்பர்ஃபோர்ஸின் நினைவாக எழுப்பப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு அவரை ஊர்க்காரராக எழுதிய ஒரு குறிப்பை நானே திருத்த வேண்டியிருந்தது. 1873 ஜூலை 19 அன்று அந்தப் பகுதியில் குதிரையில் சென்றபோது தவறி விழுந்து இறந்தார் என்பதுதான் அவருக்கும் அந்த வட்டாரத்துக்கும் உள்ள தொடர்பு.

4. இறப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுங்கள்

புதியவர்கள் பிறப்பிலிருந்து தொடங்குகிறார்கள். அது இயல்பாகத் தோன்றினாலும் வழி தவறச் செய்யும், ஏனென்றால் ஒரே பெயரில் பல குழந்தைகள் பிறந்திருப்பார்கள், அவர்களுள் நம்மவர் யார் என்று தீர்மானிக்க நம்மிடம் அப்போது எதுவும் இருக்காது. இறப்பு ஆவணத்தில் வயது, முகவரி, தொழில், தகவல் கொடுத்த உறவினர் பெயர் என்று நான்கு பிடிகள் கிடைக்கின்றன.

இங்கிலாந்தில் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. அதன் அட்டவணை மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று காலாண்டு வாரியாக உள்ளது. காலாண்டின் பெயர் அதன் கடைசி மாதத்தைக் குறிக்கும். ஆர்தர் காட்டன் 1899 ஜூலை 24 அன்று இறந்தார், ஆகவே 1899 செப்டம்பர் காலாண்டில், டார்க்கிங் மாவட்டத்தின்கீழ் தேட வேண்டும். ‘செப்டம்பர்’ என்பதைப் பார்த்து அவர் செப்டம்பரில் இறந்ததாக எழுதிவிடாதீர்கள். தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீபிஎம்டி தளத்தில் இந்த அட்டவணையை இலவசமாகத் தேடலாம். ஆனால் அதில் இறந்தவரின் வயது 1866 முதல்தான் இருக்கும். அதற்கு முந்தைய இறப்புகளுக்கு அரசுப் பதிவு அலுவலகத்தின் சொந்த இணைய அட்டவணையைப் பாருங்கள், அதில் தொடக்கம் முதலே வயது உண்டு.

அடுத்தது உயில். 1858 ஜனவரி முதல் இங்கிலாந்து முழுமைக்கும் ஒரே ‘உயில் நாட்காட்டி’, அதாவது உறுதி செய்யப்பட்ட உயில்களின் ஆண்டுப் பட்டியல், அச்சிடப்பட்டது. இறந்தவரின் முகவரி, இறந்த நாள், இடம், உயிலை நிறைவேற்றுபவர்கள், சொத்து மதிப்பு எல்லாம் ஒரே பத்தியில் இருக்கும். இந்த நாட்காட்டி உயில் உறுதி செய்யப்பட்ட ஆண்டின்படி அடுக்கப்பட்டுள்ளது, இறந்த ஆண்டின்படி அன்று. நவம்பரில் இறந்தவரை மறு ஆண்டின் தொகுதியிலும் தேடாமல் ‘உயில் இல்லை’ என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

மூன்றாவது, அடக்கம். டார்க்கிங்கின் பொதுக் கல்லறைத் தோட்டம் 1850-களில் திறக்கப்பட்டது. அதன் பின் இறந்தவர்களைத் தேவாலய முற்றத்தில் தேடிப் பயன் குறைவு. காட்டனின் கல்லறையும் இந்தப் பொதுத் தோட்டத்தில்தான் உள்ளது.

தாமஸ் ஹோப் இந்தப் படிக்கு அடங்க மாட்டார். அவர் 1831-இல் இறந்தார், அப்போது அரசுப் பதிவும் இல்லை, பெயர் வாரியான கணக்கெடுப்பும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குத் திருச்சபைப் பதிவேடுகள், 1832 வரையிலான நிலவரிப் பட்டியல்கள், லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கேன்டர்பரி திருச்சபை நீதிமன்ற உயில்கள் ஆகியவையே துணை. சர்ரேயின் உள்ளூர் ஆவணங்கள் வோகிங்கில் உள்ள சர்ரே வரலாற்று மையத்தில் இருக்கின்றன.

5. கணக்கெடுப்பு ஏணியில் இறங்குங்கள்

1841-இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கப்பட்ட கணக்கெடுப்பே இந்த வேலையின் முதுகெலும்பு. கணக்கெடுப்பு இரவுகளின் தேதிகள் இவை: 1841 ஜூன் 6, 1851 மார்ச் 30, 1861 ஏப்ரல் 7, 1871 ஏப்ரல் 2, 1881 ஏப்ரல் 3, 1891 ஏப்ரல் 5. ஆளின் இறப்புக்கு அருகில் உள்ள ஆண்டில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போங்கள். காட்டன், மெரடித், சிறுவன் வான் வில்லியம்ஸ் மூவரும் உயிருடன் இருந்த காலத்தைச் சேர்ந்ததாலும், இலவசமாகக் கிடைப்பதாலும், 1881 பயிற்சிக்கு ஏற்றது.

படியெடுத்த பட்டியலோடு நின்றுவிடாமல் மூலப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள். இடப்பக்கத்தில் வீட்டின் பெயர் அல்லது தெரு, அடுத்து ஆட்களின் பெயர்கள், குடும்பத் தலைவரோடு உறவு, மணநிலை, வயது, தொழில், பிறந்த இடம் என்று கோடுகள் ஓடும். பெயரின் ஓரத்தில் இரண்டு சாய்கோடுகள் இருந்தால் ஒரு கட்டடம் முடிகிறது. ஒற்றைச் சாய்கோடு இருந்தால் அதே கட்டடத்தில் அடுத்த குடும்பம் தொடங்குகிறது. வயதுகளின் மேல் எழுத்தர் கணக்குப் பார்த்து இழுத்த தடித்த பென்சில் கீற்று, 3-ஐ 8 போலவும் 1-ஐ 7 போலவும் காட்டும். படியெடுத்தவர்கள் ஏமாந்த இடம் பெரும்பாலும் இதுதான்.

எழுத்தில் இன்னொரு கண்ணி இரட்டை ‘எஸ்’. அக்கால வழக்கப்படி முதல் எஸ் நீண்டு ‘எஃப்’ போல நிற்கும். ‘மிஸ்’ என்பது ‘மிஃப்ஸ்’ என்று படியெடுக்கப்பட்டிருக்கும். ஊர்ப் பெயரையும் பழைய ஆவணங்களில் ‘டார்’ என்பதற்கு ஆங்கில ‘ஓ’ எழுத்துக்குப் பதில் ‘ஏ’ போட்டு எழுதியிருப்பார்கள், அந்த எழுத்துக்கூட்டலையும் தேடுங்கள். பட்டம் பெற்றவர்கள் சில பட்டியல்களில் ‘சர்’ என்பதையே முதல் பெயராகக் கொண்டு பதிவாகியிருப்பார்கள். காட்டன் 1861-இல் சர் பட்டம் பெற்றார் என்பதால் அதற்குப் பிந்தைய கணக்கெடுப்புகளில் இரண்டு விதமாகவும் தேட வேண்டும்.

1841-க்குத் தனி எச்சரிக்கை தேவை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், எனவே 59 வயதுக்காரர் 55 ஆகிவிடுவார். எல்லா எழுத்தர்களும் அதைப் பின்பற்றவில்லை. உறவுமுறை அதில் இல்லை, ஒரே வீட்டில் ஒரே குடும்பப் பெயரோடு இருப்பவர்கள் தம்பதியா, உடன்பிறந்தாரா என்று அந்தப் பக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. பிறந்த ஊரும் இல்லை, அதே கவுண்டியில் பிறந்தவரா, இல்லையேல் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வெளிநாடு ஆகியவற்றில் பிறந்தவரா என்பது மட்டுமே இருக்கும். 1851-இல் இந்தக் குறைகள் நீங்கிவிடுகின்றன.

பெரிய வீடுகளைத் தேடும்போது மனம் தளர வேண்டாம். பாராளுமன்றம் கூடும் மாதங்களில் செல்வந்தர்கள் லண்டன் வீட்டில் இருப்பார்கள், கணக்கெடுப்பு இரவுகளோ பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வரும். மாளிகையில் சமையற்காரியும் பணிப்பெண்களும் மட்டும் பதிவாகியிருந்தால் குடும்பம் அங்கே வாழவில்லை என்று பொருளாகாது. அந்தப் பணியாளர்களின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், அந்த வீட்டில் உண்மையாக ஆண்டு முழுவதும் இருந்தவர்கள் அவர்கள்தாம். தாமஸ் க்யூபிட் 1850-ஐ ஒட்டி டென்பீஸுக்கு வந்து 1855 டிசம்பர் 20 அன்று அங்கே இறந்தவர். அவருக்குக் கிடைக்கக்கூடியது 1851 என்ற ஒரே வாய்ப்பு. அது கை கொடுக்காவிட்டால் அடுத்த படிக்குத்தான் போக வேண்டும்.

6. பத்தாண்டு இடைவெளிகளை நிரப்புங்கள்

இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே ஒருவர் வந்து குடியேறி வெளியேறியிருக்கலாம். அதற்கு உதவுபவை பிகட், கெல்லி போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட வணிக டைரக்டரிகள். லெஸ்டர் பல்கலைக்கழகம் அவற்றுள் பலவற்றை இணையத்தில் இலவசமாக வைத்துள்ளது. உள்ளூர்ப் பெரியவர்கள், தபால் நேரங்கள், கடைக்காரர்கள் என்று ஊரின் முகம் அதில் தெரியும். அச்சாவதற்குச் சில மாதங்கள் முன்பே தகவல் சேகரிக்கப்பட்டிருக்கும் என்பதால், டைரக்டரியில் உள்ள ஆண்டை ஓராண்டு தளர்த்திப் படியுங்கள்.

செய்தித்தாள்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை வரி 1855-இல் நீங்கிய பிறகே உள்ளூர் இதழ்கள் பெருகின. சர்ரே அட்வர்டைசர் 1864-இல் தொடங்கியது. பெரும்பாலும் கட்டணத் தளங்களில் இருப்பதால், தேட வேண்டிய பெயர், தேதி எல்லாம் கையில் வந்த பிறகு ஒரே மாதச் சந்தாவில் முடித்துவிடலாம்.

7. இந்தியாவில் பணியாற்றியவர்களுக்குத் தனித் தடம்

காட்டன் போன்றவர்களின் வாழ்வில் முதல் நாற்பது ஆண்டு ஆவணங்கள் டார்க்கிங்கில் இருக்காது. அவர் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் பயின்று, மதராஸ் பொறியாளர் படையில் சேர்ந்து, 1830-களில் கொள்ளிடத்தின் அணைகளையும் 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்தில் கோதாவரி அணையையும் கட்டியவர். அவருடைய பணி ஆவணங்களை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் தேட வேண்டும். மதராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் அங்கே ‘என் 2’ என்ற வரிசையில் உள்ளன.

ஆனால் எல்லாம் இந்தியாவில்தான் நடந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். காட்டன் 1841-இல் மணந்தது டாஸ்மேனியாவில். மூத்த மகள் எலிசபெத் 1842-இல் பிறந்ததும் அங்கேதான். மதராஸ் பதிவேடுகளில் அந்தத் திருமணத்தைத் தேடி நான் பல நாட்களை வீணாக்கினேன். உடல்நலம் தேறக் கடல் கடந்து விடுப்பில் செல்வது அக்காலத்து அதிகாரிகளிடையே வழக்கம் என்பதை அதன் பிறகுதான் உணர்ந்தேன்.

பெயர்க் குழப்பம் இங்கேதான் மிகுதி. ஆர்தரின் தம்பி ஃபிரெடரிக்கும் மதராஸ் பொறியாளர் படையில் இருந்தார், எனவே ‘கேப்டன் காட்டன்’ என்ற குறிப்பு இருவரில் யாரையும் குறிக்கலாம். 1904-இல் பம்பாய் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கிய சர் ஹென்றி காட்டன் கும்பகோணத்தில் பிறந்தவர். காவிரி என்றதும் ஹென்றியை ஆர்தரோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

8. ஊர் சொல்லும் கதையைத் தேதிகளோடு உரசிப் பாருங்கள்

காட்டனின் மகள் எலிசபெத்தை இந்தப் படிக்கு உதாரணமாகக் கொள்கிறேன், ஏனென்றால் அவர் தம் தகுதியாலேயே பட்டியலில் இடம்பெற வேண்டியவர். உழைக்கும் ஆண்கள் மாலை நேரத்தில் மதுக்கடைக்குப் போகாமலிருக்க டார்க்கிங்கில் ஒரு காபி அறையைத் திறந்து நடத்தினார், அந்த அனுபவத்தை 1876-இல் நூலாகவும் எழுதினார். 1877-இல் அட்மிரல் சர் ஜேம்ஸ் ஹோப்பை மணந்து லேடி ஹோப் ஆனார்.

இங்கே இரண்டு பள்ளங்கள் உள்ளன. முதலாவது, ஹோப் என்ற பெயரைப் பார்த்து அவரை டீப்டீன் மாளிகைக் குடும்பத்து மருமகளாக எழுதிவிடுவது. அட்மிரல் ஸ்காட்லாந்துக் கிளையைச் சேர்ந்தவர். டீப்டீன் ஹோப்புகள் ஆம்ஸ்டர்டாம் வங்கிக் குடும்பத்தார்.

இரண்டாவது, டார்வின் கடைசிக் காலத்தில் மனம் மாறிச் சமய நம்பிக்கையை ஏற்றதாகத் தமக்கு நேரில் தெரியும் என்று லேடி ஹோப் சொன்ன கதை. அது 1915-இல் அமெரிக்காவில் ஒரு சமய இதழில் வெளிவந்தது. டார்வின் இறந்தது 1882 ஏப்ரல் 19 அன்று. இடையில் 33 ஆண்டுகள். மரணப் படுக்கையின் அருகில் இருந்த மகள் ஹென்ரியட்டா 1922-இல் அதை வெளிப்படையாக மறுத்தார். இப்படி ஒரு கதை எதிர்ப்படும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: முதன்முதலில் எப்போது எழுத்தில் வந்தது, சொன்னவர் அந்த இடத்தில் இருந்தாரா, அங்கே இருந்த மற்றவர்கள் என்ன சொன்னார்கள். கதை தேறவில்லை என்பதற்காக அவரைப் பட்டியலிலிருந்து நீக்கவும் கூடாது. காபி அறையைத் திறந்தவர் என்ற உண்மை அதனால் குறைவதில்லை.

தந்தையின் வரலாற்றை 1900-இல் எழுதியவரும் இந்த மகள்தான். காட்டனைப் பற்றிப் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும் செய்திகள் அந்த ஒரே ஊற்றிலிருந்து கிளைத்தவையாக இருக்கக்கூடும். ஐந்து இடங்களில் இருப்பது ஐந்து சாட்சிகள் ஆகிவிடாது.

9. பதிவை எழுதும் முறை

ஒருவருக்கு ஆறேழு வரிகள் போதும். முதல் வரியில் அவர் எல்லைக்குள் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்ததாக ஆவணம் காட்டுகிறது என்பதை எழுதுங்கள், புகழ் அதற்குப் பின்னால் வரட்டும். வீட்டின் பெயருக்குப் பக்கத்தில் அந்த வீடு இன்றைக்கு உள்ளதா என்பதையும் சேர்த்துவிடுங்கள்: டென்பீஸ் மாளிகை 1953-இலும் டீப்டீன் 1969-இலும் இடிக்கப்பட்டன, ஃபிளின்ட் காட்டேஜும் லீத் ஹில் பிளேஸும் நிற்கின்றன. நேரில் போகிற வாசகர் டென்பீஸ் இருந்த குன்றில் நின்றுகொண்டு க்யூபிட் வீட்டின் கதவைத் தேட வேண்டியிருக்காது.

ஒவ்வொரு ஆவணத்துக்கும் அதன் காப்பக எண்ணைக் குறித்து வையுங்கள். 1841, 1851 கணக்கெடுப்புகள் ‘எச்ஓ 107’ என்றும், 1861 முதல் 1901 வரை வரிசையாக ‘ஆர்ஜி 9’ முதல் ‘ஆர்ஜி 13’ வரையிலும் எண்ணிடப்பட்டுள்ளன. தளங்கள் மாறும், இணைப்புகள் செத்துப்போகும். இந்த எண்களைக் கொடுத்தால் எந்தத் தளத்திலும் அதே பக்கத்தைத் திறக்கலாம்.